வாய்ச் சிரிப்பு, வயிற்றுச் சிரிப்பு, பக்கத்து வீட்டுச் சிரிப்பு

டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிவி பார்த்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, என் மாமாதான். அம்மாவின் தம்பி. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் வேலை. நல்லேப்பிள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் வாசம். கல்யாணம் ஆகவில்லை. டிவி இருந்த முன்னறைதான் அவருக்குப் படுக்கையறையும். அதனால் டிவியின் மேல் முதல் பாத்தியதை தனக்குத்தான் என்று அவர் நினைத்தார். அந்த அறையே தன்னுடையது என்று அப்பா நினைத்தார். இரண்டு பேரும் இதை வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. ரிமோட்டை வைத்துப் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, தலைசீவி, காப்பியும் குடித்த பிறகு மாமா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை டிவிக்கு முன்னால் போட்டு, எங்களைப் பார்த்தபடி உட்காருவார். காமெடி நிகழ்ச்சியின் சத்தம் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். கண் மட்டும் எங்கள் முகங்களின் மேல் இருக்கும். எங்களுக்குத் திரையில் பாதி மறைத்துவிடும். "நகுந்து உக்காரு மாப்ள, ஒண்ணுந் தெரியல" என்று அப்பா சொன்னால் ஸ்டூல் ஒரு சாண் நகரும். அக்கம்பக்கத்துப் பெண்கள் யாராவது வந்தால் இந்தக் காட்சியைக் கண்டு மிரண்டுபோய், அம்மாவிடம் கண்ஜாடையில் விசாரிப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவர் உத்தியோகம். கம்பெனியில் பெல்ட்டில் ஓடிவருகிற பிஸ்கட்டுகளில் உடைந்தது, கருகியது, கோணலானது எது என்று பார்த்து எடுத்துப் போடுவதுதான் மாமாவின் வேலை. பகலெல்லாம் நல்லதைக் கண்டுகொள்ளாமல் கெட்டதையே தேடிய கண், சாயங்காலம் ஆனதும் சட்டென்று திருந்திவிடுமா என்ன? வீட்டில் பிஸ்கட்டுக்குப் பதில் காமெடி ஓடியது. எது எங்கே உடைகிறது என்று அவர் பார்த்தார். காமெடி திரையில் இல்லை, பார்க்கிறவன் வயிற்றில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஆகவே திரையைப் பார்ப்பது வீண்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஊரில் மற்ற மாமாக்கள் மருமகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். என் மாமா சிரிப்பைத் தரம் பிரிக்கக் கற்றுக்கொடுத்தார். வாய்ச் சிரிப்பு என்றால் பல் தெரியும், கண் சும்மா இருக்கும். விருந்துக்குப் போன இடத்தில் சிரிப்பது அது. பக்கத்து வீட்டுச் சிரிப்பு என்றால், அடுத்தவன் சிரிக்கிறானே என்று சிரிப்பது. அதில் முதலில் கழுத்து திரும்பும், அப்புறம்தான் சிரிப்பு வரும். வயிற்றுச் சிரிப்புதான் அசல். அது வந்தவர் கையை எதன் மேலாவது ஊன்றியே ஆகவேண்டும். தொடை, சுவர், அடுத்தவர் தோள், எதுவானாலும் சரி. "கை ஊனலீன்னா அது வயித்துச் சிரிப்பில்ல அம்மிணி, சும்மா நடிப்பு" என்பார். நான் சீக்கிரமே தேறிவிட்டேன். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பெரிய மனிதர் ஒருவர் பேசியபோது முன்வரிசை முழுக்க வாய்ச் சிரிப்பு என்று நான் வந்து சொன்னதும், மாமா எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

அப்பாவின் சிரிப்பை மட்டும் சேர்ப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டது. அப்பா எல்லாவற்றுக்கும் கையை ஊன்றிச் சிரிப்பார். சோப்பு விளம்பரத்துக்குச் சிரிப்பார். வானிலை அறிக்கை சொல்லுகிற ஆள் தும்மினால் அதற்கும் சிரிப்பார். "மச்சான் சிரிப்பு செல்லாது" என்று மாமா தீர்ப்பு சொன்னபோது, அதற்கும் தொடையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார்.

எங்கள் கேபிளில் தமிழும் வரும், மலையாளமும் வரும். எல்லைக்காரர்களுக்கு வாய்த்த யோகம் இது. ஒரே கதையை இரண்டு மொழியிலும் பார்த்துவிட்டு இரண்டையும் குறை சொல்லலாம். மாமா இந்த யோகத்தை ஒரு நாளும் வீணாக்கவில்லை. தமிழில் அடி வாங்குகிறவன் காமெடியன், மலையாளத்தில் அடி விழுமோ என்று பயந்துகொண்டே நிற்கிறவன் காமெடியன் என்பார். மலையாளப் படத்தைத் தமிழில் எடுக்கும்போது முதல் வேலையாக வீட்டுக்கு வெள்ளையடித்துவிடுகிறார்கள் என்பது அவருடைய தீராத வருத்தம். அங்கே பாசி பிடித்த ஓட்டு வீட்டில் இருந்த குடும்பம் இங்கே வந்ததும் மாடிப்படி வைத்த பங்களாவுக்குக் குடிவந்துவிடும். அப்புறம் அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று நாம் அழுவது? டிவிக்காரர்களே சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்துக்கொள்வது, சோறு போட்டவனே ஏப்பமும் விட்டுக்கொள்கிற மாதிரி. நடுவராக வந்து நாற்காலியிலிருந்து விழுந்து விழுந்து சிரிக்கிறவர்கள், விழுவதற்கு முன் கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

டிவியைப் பார்க்காத மனிதருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒருநாள் அம்மா கேட்டாள். காலையில் மறு ஒளிபரப்பு வரும்போது தனியாகத் திரும்பி உட்கார்ந்து பார்க்கிறாராம். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

இந்த எல்லாவற்றையும்விட மாமாவை வதைத்த விஷயம் ஒன்று இருந்தது. அது கதாநாயகனுடைய கூட்டாளியைப் பற்றியது.

"இங்க பாரு அம்மிணி, அந்தக் கூட்டாளிக்கு ஊடே கெடையாது. கவனிச்சிருக்கறயா? எந்நேரமும் இவனூட்லதான் கெடக்கறான். இவனூட்லதான் சோறு. அவனுக்கு அப்பனாத்தா இருக்கறாங்களா இல்லையான்னு ஒரு படத்துலயாச்சும் சொல்றாங்களா?"

அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஏன்டா, உனக்குத் தெரியாத கதையா அது?"

அப்பா தொடையில் கையை ஊன்றினார். மாமா சிரிக்கவில்லை. "நான் சினிமாவப் பத்திப் பேசறன்க்கா" என்றார். மாமா சொன்னது சரியா என்று பார்க்க, நான் அந்த வாரம் வந்த படங்களையெல்லாம் கவனித்தேன். சரிதான். ஒரு கூட்டாளிக்கும் வீடு இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அது முழு நியாயமில்லை. மாமா ஆடியும் பார்த்தவர். சொந்தமாக நகைச்சுவைத் துணுக்குகள் தயாரித்து மனப்பாடமாக வைத்திருந்தார். அவற்றை 'ஐட்டம்' என்பார். ஐட்டம் ஒவ்வொன்றும் கம்பெனி விதிப்படி எந்தக் கோணலும் இல்லாமல் இருக்கும். அதுதான் கோளாறு. உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். கண் சரியாகத் தெரியாத ஒருவன் கண்ணாடிக் கடை என்று நினைத்து சைக்கிள் கடைக்குள் நுழைந்து மூக்குக் கண்ணாடி கேட்கிறான். இதை யார் சொன்னாலும் சைக்கிள் கடை என்பதைக் கடைசியில்தானே சொல்வார்கள்? மாமா அப்படிச் சொல்லமாட்டார். "ஒருத்தனுக்குக் கண்ணு செரியாத் தெரியாது. அதனால அவன் சைக்கிள் கடையக் கண்ணாடிக் கடைன்னு நெனச்சுப் போயர்றான்" என்று காரணத்தோடு ஆரம்பித்து, ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் அவன் கண்ணாடி கேட்பதோடு முடிப்பார். பிறகு எங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்பாகூடச் சிரிக்காத ஐட்டங்கள் உலகத்தில் இவைதான்.

ஆனால் எனக்கு மாமாவின் மேல் சந்தேகமே வந்ததில்லை. இவ்வளவு தெரிந்த மனிதர் சொல்லி எனக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் என் வயிற்றில்தான் ஏதோ குறை என்று நினைத்தேன். மாமாவின் ஆசை எனக்குத் தெரியும். டிவி நிகழ்ச்சிக்குக் காமெடி எழுதுகிற ஆளாகவேண்டும். பெல்ட்டுக்கு முன்னால் இனிமேல் நிற்கக்கூடாது. இதை என்னைத் தவிர யாரிடமும் அவர் சொல்லவில்லை; சொன்னால் அப்பா கையை ஊன்றிவிடுவார் என்ற பயம்.

அந்த வருஷம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பொங்கலுக்குக் கடைசி நாள் மேடையில் என்ன வைப்பது என்று கமிட்டியில் சண்டை. பாதிப் பேர் பொள்ளாச்சியிலிருந்து பாட்டுக் கச்சேரி வேண்டும் என்றார்கள். மீதிப் பேர் திருச்சூர்ப் பக்கமிருந்து மிமிக்ரிக் கோஷ்டி வேண்டும் என்றார்கள். கமிட்டி பிரசிடெண்ட் நெல் மில் வைத்திருந்தவர். எந்தச் சத்தமும் இல்லாமல் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்று நினைத்தவர். இந்தச் சந்தடியில்தான் மாமா எழுந்து, டிவியில் வருகிற கோஷ்டியையே தன்னால் கூட்டிவர முடியும் என்று சொன்னார். கம்பெனியில் அவருடன் வேலை செய்த ஒருவரின் மைத்துனர் அந்தக் கோஷ்டிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டுமா?

கோஷ்டித் தலைவர் போனில் பேசியபோது, தன்னிடம் சில ஐட்டங்கள் இருப்பதாக மாமா மெதுவாகச் சொல்லிவைத்தார். வரட்டும், கேட்கலாம், நல்லதாக இருந்தால் டிவி நிகழ்ச்சியிலேயே பார்க்கலாம் என்று அவரும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் கோஷ்டிக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, சாப்பிடும்போது ஐட்டங்களைச் சொல்வது என்று திட்டம். அம்மா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். மாமா அப்பாவின் புதுச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார்; தோளில் கொஞ்சம் தொங்கியது.

ஏழு மணிக்கு நிகழ்ச்சி. ஆறரைக்கே கோயில் மைதானம் நிறைந்துவிட்டது. ஏழு அடித்தது, கோஷ்டி வரவில்லை. மாமா போன் போட்டார். குதிரானில் பிளாக். அப்போது மலையைக் குடைந்த குகைப்பாதை திறக்காத காலம். மலையேற்றத்தில் ஒரு லாரி மூச்சை விட்டுவிட்டால் பாலக்காடு ஒரு பக்கம், திருச்சூர் ஒரு பக்கம் என்று உலகம் இரண்டாகிவிடும். எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணங்களில் முகூர்த்தம் தப்பியதற்கு அந்த ஏற்றம்தான் பொறுப்பு. கூட்டத்தில் விசில் கிளம்பியது. பாட்டுக் கச்சேரிக் கட்சிக்காரர்கள் சந்தோஷத்தை மறைக்கக்கூட முயற்சி பண்ணவில்லை.

பிரசிடெண்ட் மாமாவைத் தனியே கூப்பிட்டார். "ஏனப்பா, உன்ற ஆளுக வர்ற வரைக்கும் சனத்த யாரு பாத்துக்கறது? நீதான கூட்டியாறன்னு சொன்னே. நீயே ஏறு."

"நானுங்களா?"

"ஊட்ல ஓயாம பேசறியாமே. இங்கயும் பேசு."

மாமா என்னைத் தேடி வந்தார். முகம் வெளுத்திருந்தாலும் கண் பளபளத்தது. என் முன்னால் குந்தி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அம்மிணி, நீ முன்னால போயி உக்காரு. மேடையப் பாக்காதே. சனத்தப் பாரு. எங்க எங்க எந்தச் சிரிப்பு வருதுன்னு பாத்து எனக்குச் சொல்லோணும். எனக்காகக் கூட்டிச் சொல்லாதே, கொறச்சும் சொல்லாதே. கண்டதச் சொல்லு." கோஷ்டித் தலைவரிடம் எந்த ஐட்டத்தை முதலில் எடுத்துவிடுவது என்பது இதை வைத்துத்தான் முடிவாகும் என்றும் சொன்னார்.

ஆகவே என் மாமாவின் வாழ்க்கையில் நடந்த ஒரே மேடை நிகழ்ச்சியை நான் பார்க்கவேயில்லை. மேடைக்கு முதுகைக் காட்டி மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊரைப் பார்த்தேன். "ஏனம்மிணி, எல்லாரும் அங்க பாத்தா நீ எங்களப் பாக்கறே?" என்று முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா கேட்டார். மாமா பார்க்கச் சொன்னார் என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பக்கத்து வீட்டுச் சிரிப்பு என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

மைக் கீச்சிட்டது. மாமா வணக்கம் சொன்னார். கண் தெரியாதவனை சைக்கிள் கடைக்கு அனுப்பினார். காரணத்தோடு அனுப்பினார். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. முடிந்தது என்றே யாருக்கும் தெரியவில்லை. எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. மாமா இரண்டாவது ஐட்டத்துக்குப் போனார். அது பஸ்ஸில் உறங்கிப்போனவனைப் பற்றியது. அவன் ஏன் உறங்கினான் என்பதிலேயே கொஞ்ச நேரம் போயிற்று. பெண்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். மூன்றாவது ஐட்டத்தின் நடுவில் பின்னாலிருந்து பாட்டுக் கச்சேரிக் கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, "ஏனுங்க, சிரிப்புத்தான் வரல, ஆளுக்கு ரெண்டு பிஸ்கட்டாச்சும் குடுங்க!" என்று கத்தினார்.

மைதானம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது.

எனக்குப் பின்னால் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. ஆனால் உத்தரவு உத்தரவுதான். கொஞ்ச நேரம் கழித்து மாமாவின் குரல் வந்தது. அது வீட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

"இப்ப எதுக்குச் சிரிச்சீங்க? அதுல பாதி பக்கத்தூட்டுச் சிரிப்பு. மூணாவது வரிசைல வெள்ளச் சட்டை, உங்களத்தாங்க. உங்களுக்கு அவுரு சொன்னதே காதுல உழுகல. பக்கத்துல இருக்கறவரப் பாத்துட்டுச் சிரிச்சீங்க. இல்லைன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணுங்க பாக்கலாம்!"

வெள்ளைச் சட்டைக்காரர் அசந்துபோனார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் அவர் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். கை ஊன்றிய சிரிப்பு. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதற்கப்புறம் மாமா நிற்கவில்லை. கோபம் ஏற ஏறக் குரல் ஏறியது. டிவியில் சோறு போட்டவனே ஏப்பம் விடுவதைச் சொன்னார். நாற்காலியிலிருந்து விழுகிறவர்களைச் சொன்னார். வெள்ளையடித்த வீட்டைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் அலை அலையாகச் சாய்ந்தது. "சிரிக்காதீங்க, நான் வெளையாட்டுக்குச் சொல்லுல!" என்று அவர் கத்தினால் இன்னும் சாய்ந்தது. பிரசிடெண்ட் தூணைப் பிடித்துக்கொண்டார். கேள்வி கேட்ட பெரியம்மா என் தலையிலேயே கையை ஊன்றிவிட்டார். அப்பாவைத் தேடினேன், அவர் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் என்ன வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசியில் மாமா கூட்டாளிக்கு வந்தார்.

"கதாநாயகனுக்காக அடி வாங்கறது அவன். காதல் கடுதாசி கொண்டுபோறது அவன். சைக்கிள் மிதிக்கறது அவன். இடைவேளைக்குப் பொறகு அவன் எங்கீங்க போறான்? யாராச்சும் கேட்டீங்களா? கல்யாணப் போட்டோவுல ஓரமா நிக்கறான். அதுலயும் பாதி கை தெரியறதில்ல. அவனுக்குன்னு ஒரு ஊடு உண்டுங்களா? அடுத்தவனூட்ல சோறு, அடுத்தவன் சட்டை..."

அந்த இடத்தில் எழுந்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. ஆட்கள் மணலில் கையை ஊன்றினார்கள். ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தார்; கேமரா எங்கே என்று பார்க்காமல் சாய்ந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், கடலை வண்டிப் பக்கத்தில், புதிதாகச் சிலர் வந்து நிற்பதைக் கண்டேன். நடுவில் நின்றவரின் முகம் டிவியில் பார்த்த முகம். கோஷ்டித் தலைவர். அவர் வேன் டிரைவரின் தோளில் கையை ஊன்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டிவி சிரிக்கிறது! எங்கள் மாமாவைக் கேட்டு டிவியே சிரிக்கிறது!

பிறகு கோஷ்டி மேடை ஏறியது, நன்றாகத்தான் செய்தார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. முடிந்ததும் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் பந்தல் விளக்குக்குக் கீழே இலை போட்டாயிற்று. கோஷ்டித் தலைவர் உட்காருவதற்கு முன் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் நிகழ்ச்சிக்கு வரவேண்டும் என்றார். மாமா தொண்டையைச் செருமி, எழுதிக்கொடுக்கத் தன்னிடம் ஐட்டங்கள் நிறைய இருக்கிறது என்றார்.

"எழுதான் ஞங்ஙளுக்கு ஆளுண்டு சேட்டா" என்று அவர் சிரித்தார். "நிங்ஙள் வந்நு ஆ தேஷ்யம் காட்டியால் மதி."

எழுத அவர்களிடம் ஆள் இருக்கிறதாம். தேஷ்யம் என்றால் கோபம். வந்து கோபப்பட்டால் போதும். மாதத்தில் சில நாள்தான். டிவியில் முகம் வரும். நான் குதிக்காத குறை. மாமா, ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

"சொல்லு அம்மிணி. என்ன பாத்தே?"

இதற்காகத்தானே காத்திருந்தேன். ஒன்றுவிடாமல், கற்றுக்கொடுத்தபடியே சொன்னேன். "ஐட்டம் சொன்னப்ப ஒரு சிரிப்பும் இல்லீங் மாமா. வாய்ச் சிரிப்புக்கூட இல்ல. நீங்க கோவமாப் பேசுனப்பத்தான் எல்லாரும் சிரிச்சாங்க. எல்லாமே வயித்துச் சிரிப்பு! அதுலயும் அவனுக்கு ஊடு இல்லைன்னு சொன்னீங்கல்ல, அப்பத்தான் மாமா ரொம்ப. எல்லாரும் கைய ஊனிட்டாங்க. அப்பாவும் அம்மாவும் மட்டும் சிரிக்கல. அவுங்களுக்குப் புரியல போல."

"செரியாத்தான் பாத்திருக்கறே" என்று மாமா என் தலையில் கை வைத்தார். திரும்பிப் போய், கம்பெனியில் லீவு கிடைக்காது, மன்னிக்கவேண்டும் என்று கோஷ்டித் தலைவரிடம் சொல்லிவிட்டு, இலைக்கு இலை மறுபடியும் கோழிக் குழம்பு ஊற்றினார். ஒரு ஐட்டம்கூடச் சொல்லவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. விடிந்ததும் பள்ளிக்கூடத்தில் சொல்ல வாக்கியமெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். டிவி தானாக வீடு தேடி வந்து, கோழிக் குழம்பும் சாப்பிட்டு, வா என்று கூப்பிடுகிறது. லீவு இல்லை என்கிறார் ஒரு மனிதர்! மாமாவோடு டூ விட்டேன். அவர் பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டினேன். அதற்குத் தகுந்த மாதிரி அவரும் மாறிப்போனார். ஸ்டூலை ஓரமாகப் போட்டு, எல்லாரையும் போல டிவியைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். அப்பாவுக்குத் திரை முழுசாகத் தெரிந்தது. ஆனால் ஏனோ அவரும் முன்போல தொடையில் தட்டவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் மாமா கஞ்சிக்கோட்டிலேயே ஒரு வாடகை அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஷிப்டுக்குப் பக்கம் என்றார். நானும் நம்பினேன். அம்மா அன்றைக்கு அடுக்களையில் அழுதபோது, டிவி பார்க்க ஆள் குறைந்ததற்கு இவ்வளவு அழவேண்டுமா என்று நினைத்தேன்.

இப்போது நான் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறேன். வாரம் ஒரு படம் பார்த்து, போனில் அபிப்பிராயம் எழுதிப் பத்துப் பேரிடம் திட்டு வாங்குகிறேன். குலத்தொழில், விட முடியுமா? போன வருஷம் மாமா கஞ்சிக்கோட்டில் சொந்த வீடு கட்டிப் பால் காய்ச்சினார். கல்யாணம் முடிந்து, அத்தை, ஒரு வாண்டு மகன் எல்லாம் வந்தாயிற்று. ஊரிலிருந்து வந்த பழைய பிரசிடெண்ட் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏனப்பா, கூட்டாளிக்கு ஊடு கெடச்சுருச்சாட்ட இருக்குது!" என்றார். மாமா சிரித்தார். புதுச் சுவரில், காயாத சுண்ணாம்பில், கையை ஊன்றிச் சிரித்தார். மாமாவுக்கு வயிற்றுச் சிரிப்பு வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையெடுத்ததும் சுவரில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், அப்பாவின் சட்டை, அம்மா பார்த்த தரை, லீவு கிடைக்காது என்ற பேச்சு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குப் புரிந்தது. பால் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று அத்தையிடம் சொன்னேன்.

கிணற்றடியில் நான் சொன்னதைக் கேட்டபோது மாமாவின் முகம் எப்படி இருந்தது என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. ஊர் முகத்தையெல்லாம் பார்த்துச் சொன்ன நான் அதைப் பார்க்கவில்லை. பேசும்போது என் கண் அவர் தோளுக்கு மேலாக வாசலில்தான் இருந்தது; அங்கே டிவியில் வருகிற மனிதர் எங்கள் வீட்டு இலையில் கோழிக் காலைக் கடித்துக்கொண்டிருந்தார்.